மோட்டார் வண்டியின் ஓட்டச் செலவு: ஹைப்ரிட் வண்டியும் மின்சார வண்டியும்

புதுச்சேரிப் பட்டணத்தைச் சூழ்ந்துள்ள பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு முதலிய கொம்யூன்களிலும், எல்லைக்கு அப்பாலுள்ள விழுப்புரம், கடலூர் ஜில்லாக் கிராமங்களிலும் நிலபுலமுடைய குடும்பத்தார் பலர் இந்நாளில் மோட்டார் வண்டி வைத்திருக்கின்றனர். சாகுபடியை மேற்பார்வை பார்க்கவும், தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கும் கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கும் போய்வரவும், கலியாணம் காரியங்களுக்குச் செல்லவும் அது வேண்டியிருக்கிறது. பழைய வண்டியை மாற்றவேண்டிய சமயம் வரும்போது, பெட்ரோல் செலவைக் குறைக்கும் பொருட்டு ஹைப்ரிட் வண்டி வாங்குவதா, மின்சார வண்டி வாங்குவதா என்ற கேள்வி எழுகின்றது. மின்சார வண்டி பட்டணவாசிக்கே ஏற்றது, கிராமத்தில் மின்சாரத்தை நம்பமுடியாதாகையால் குடியானவனுக்கு ஹைப்ரிடே தக்கது என்பது பொதுவாக வழங்கும் அபிப்பிராயம். விற்பனைக்காரர்களும் பெரும்பாலும் இதையே சொல்கின்றனர். கணக்குப் போட்டுப் பார்த்தால் புதுச்சேரிப் பிரதேசத்தைப் பொறுத்தவரையில் இவ்வபிப்பிராயம் தலைகீழானதென்றே கொள்ளவேண்டியிருக்கிறது.

முதலில் இவ்விரு வண்டிகளின் வித்தியாசம் தெளிவாதல் நலம். கவலை இறைத்த கிணற்றில் எண்ணெய் எஞ்ஜின் வந்ததும், பின்பு எண்ணெய் எஞ்ஜினை அகற்றி மின்சார மோட்டார் வைத்ததும் குடியானவர்கள் அறிந்த விஷயம். மின்சார வண்டி என்பது எண்ணெய் எஞ்ஜினை அறவே நீக்கி மோட்டாரை மட்டும் வைத்துக்கொண்ட கிணற்றுக்கு ஒப்பானது. வீட்டிலுள்ள பிளக்கில் மாட்டி இரவில் மின்சாரம் ஏற்றிக்கொள்ளவேண்டும். ஹைப்ரிட் வண்டியிலோ எஞ்ஜினும் இருக்கும், மோட்டாரும் இருக்கும். ஆனால் அம்மோட்டாருக்கு வேண்டிய மின்சாரம் வெளியிலிருந்து வருவதில்லை. பிரேக் போடும்போது வீணாகிற வேகத்திலிருந்தும் எஞ்ஜினிலிருந்துமே அது கிடைக்கின்றது. ஆகவே ஹைப்ரிட் வண்டி அருந்துவது முற்றிலும் பெட்ரோலே; சிக்கனமாக அருந்துகிறதென்பது மட்டுமே விசேஷம். மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகிய ஹைப்ரிட் வண்டிகளிலுள்ள பாட்டரி முக்கால் யூனிட் அளவே கொள்ளும். டாட்டா பஞ்ச் மின்சார வண்டி 2024-ஆம் ஆண்டில் வெளிவந்தபோது அதன் பாட்டரி 25 யூனிட், 35 யூனிட் என இரண்டு அளவுகளில் கிடைத்தது. இதைக் கவனியாது ஹைப்ரிட்டைப் 'பாதி மின்சார வண்டி' என்று நினைத்து வாங்குவோர் உண்டு.

பெட்ரோல் தொட்டியும் பிளக்கும் சேர்ந்தே உள்ள மூன்றாவது வகையொன்றும் உண்டு. இந்தியாவில் அது மிக உயர்ந்த விலையுள்ள வண்டிகளிலேயே காணப்படுவதால் அதைப்பற்றி விரிக்கவேண்டியதில்லை. ஐரோப்பாவில் அவ்வகை வண்டிகள் ரஸ்தாவில் உண்மையாக ஓடியதை ஆராய்ந்தபோது, அவற்றின் பெட்ரோல் செலவும் புகையும் பரிசோதனைச் சாலையில் காட்டிய அளவைப்போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு இருந்ததாக ஐரோப்பியக் கமிஷன் 2024-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. வண்டியில் பிளக் இருந்தும் அதை மாட்டாமலே ஓட்டியவர் பலர் என்பது முக்கியமான காரணம். பிளக் இருப்பது வேறு, மாட்டுவதற்கு வசதி இருப்பது வேறு என்பதற்கு இது நல்ல அத்தாட்சி.

இனிக் கணக்கைப் பார்க்கலாம். பட்டணத்தில் குடியிருந்து பாகூர்ப் பக்கம் நிலம் வைத்திருப்பவரோ, பாகூரில் குடியிருந்து பட்டணத்துக்கு அடிக்கடி வருபவரோ, போகவர நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டவேண்டியவராவர். எல்லா நாளும் போவதில்லை. ஆனால் மற்றப் பிரயாணங்களும் உண்டு. ஆகவே மாதத்திற்கு 1,000 கிலோமீட்டர் என்று கொள்வது நியாயமாகும்.

புதுச்சேரியில் பெட்ரோல் மீதான வரி தமிழ்நாட்டைவிடக் குறைவு. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வரி சிறிது உயர்த்தப்பட்ட பின்னும், சென்னையில் லிட்டர் சுமார் 101 ரூபாயாக இருந்தபோது இங்கே சுமார் 96 ரூபாயாக இருந்தது. கடலூர் ரஸ்தாவில் எல்லையோரத்துப் பெட்ரோல் பங்குகளில் தமிழ்நாட்டு நம்பர் வண்டிகள் வரிசையாக நிற்பதன் ரகசியம் இதுவே. சாதாரணப் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுமென்று கொண்டால், 1,000 கிலோமீட்டருக்குச் செலவு சுமார் 6,400 ரூபாய். ஹைப்ரிட் வண்டிகளுக்குக் கம்பெனியார் சொல்லும் ஓட்டம் லிட்டருக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர். அது பரிசோதனைச் சாலைக் கணக்கு. குளிர்சாதனம் போட்டுக்கொண்டு, நான்கு பேர் ஏறி, கிராமத்து ரஸ்தாவில் ஓட்டுகிறவர் 22 என்று எடுத்துக்கொள்வதே விவேகம். அப்படியானால் 1,000 கிலோமீட்டருக்குச் செலவு சுமார் 4,360 ரூபாய். அதே வண்டிக்குச் சென்னை விலையில் பெட்ரோல் போட்டால் சுமார் 4,590 ரூபாய் ஆகும். அதாவது, எல்லை தாண்டிப் பெட்ரோல் போடுவதால் ஹைப்ரிட்காரர் மாதம் மிச்சம் பிடிப்பது 230 ரூபாய். இவ்வளவு சொற்பத் தொகையைப் பெரிய லாபமாக எண்ணிப் புதுச்சேரியில் பெட்ரோல் மலிவு, ஆகையால் மின்சார வண்டி வேண்டாம் என்று முடிவு செய்வோர் இருப்பது ஆச்சரியமே.

மின்சார வண்டி விஷயத்தில் பாட்டரியில் ஏறிய யூனிட்டையல்ல, வீட்டு மீட்டரில் ஓடிய யூனிட்டையே கணக்கிடவேண்டும். ஏற்றும்போது பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று அதிகமோ உஷ்ணமாகப் போய்விடும். மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று கொண்டால், 1,000 கிலோமீட்டருக்கு 167 யூனிட் வேண்டும். கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2024-ஆம் ஆண்டில் புதுச்சேரி வீடுகளுக்கு நிர்ணயித்த விகிதம் மாதத்தில் முதல் 100 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு 2 ரூபாய் 70 காசு, அடுத்த 100-க்கு 4 ரூபாய், அதற்கடுத்த 100-க்கு 6 ரூபாய், 300-க்கு மேற்பட்டால் 7 ரூபாய் 50 காசு என்பதாகும். பின்வந்த திருத்தங்களால் பைசா கணக்கில் மாறுதல் ஏற்படினும் கணக்கிடும் முறை மாறாது.

இங்கேதான் அநேகர் தவறுகின்றனர். வண்டிக்கு வேண்டிய யூனிட்டை 2 ரூபாய் 70 காசு விகிதத்தில் பெருக்கிப் பார்த்து, கிலோமீட்டருக்கு அரை ரூபாய்கூட ஆகாதென்று மகிழ்ச்சி அடைகின்றனர். முதல் 100 யூனிட்டை வீட்டு விளக்கும் விசிறியும் ஏற்கெனவே உண்டுவிட்டன; வண்டியின் யூனிட் மேற்படியிலேதான் ஏறும். மாதம் 150 யூனிட் செலவழிக்கும் வீட்டில் வண்டியின் 167 யூனிட்டைச் சேர்த்தால், 4 ரூபாயில் 50, 6 ரூபாயில் 100, 7 ரூபாய் 50 காசில் 17 ஆக மொத்தம் சுமார் 928 ரூபாய் அதிகப்படும். குளிர்சாதனம் வைத்து முன்னமே 300 யூனிட்டைத் தாண்டிய வீட்டில் சுமார் 1,250 ரூபாய் ஆகும். நிலைக்கட்டணமும் மேல்வரியும் வேறு. எல்லைக்கு அப்பாலுள்ள தமிழ்நாட்டுக் கிராமங்களில் கணக்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை எடுக்கப்படுகின்றது. அங்கே முதல் 100 யூனிட் இலவசமாயினும், 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்குக் கீழ்ப்படிகளின் சலுகை குறைந்துவிடுவதால், வண்டியின் யூனிட் ஒன்றுக்கு ஏறக்குறைய 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வதே பத்திரமான கணக்கு. அப்படியும் மாதம் 1,340 ரூபாய்க்கு மேல் போகாது. ஹைப்ரிட்டின் 4,360 ரூபாய்க்கு இது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவேயாகும்.

இவ்வளவும் வீட்டு மீட்டரில் மாட்டினால்தான். வழியிலுள்ள விரைவு சார்ஜ் நிலையங்களில் வரி சேர்த்து யூனிட் ஒன்றுக்கு 20 ரூபாய் என்று கொண்டால், அதே 167 யூனிட்டுக்கு 3,340 ரூபாய் ஆகிவிடும். ஹைப்ரிட்டுக்கும் இதற்கும் மாதத்தில் ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம். அதற்காக நிலையத்தில் முக்கால் மணியோ ஒரு மணியோ காத்திருக்கவும் வேண்டும். எனவே ஓட்டச் செலவைத் தீர்மானிப்பது வண்டியின் ஜாதியல்ல, பிளக் எங்கே இருக்கிறது என்பதேயாகும்.

புதுச்சேரிப் பட்டணத்தின் அமைப்பை எண்ணிப் பார்த்தால் இதன் தாத்பரியம் விளங்கும். 1954 நவம்பர் முதல் தேதி வரையில் பிரஞ்சு நிர்வாகத்திலிருந்த இப்பட்டணத்தில், புல்வாருக்குள் அடங்கிய தமிழர் வீதிகளின் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி, தெருவைப் பார்த்த திண்ணையும் தாழ்வாரமுமாக நிற்கின்றன. வண்டிக் கொட்டகை என்ற நினைப்பே இல்லாத காலத்து வீடுகள் அவை. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் காரைத் தெருவில்தான் விடவேண்டும், அதுவும் இடம் கிடைத்த வாசலில். திண்ணையிலிருந்து நடைபாதையைக் கடந்து மின்கம்பி இழுப்பது நடந்துபோவோருக்கு அபாயம். அடுக்குமாடிக் குடித்தனங்களிலோ பிளக் வைப்பதற்குள் சங்கத்தில் பல கூட்டங்கள் நடந்துவிடும். இப்படிப்பட்ட பட்டணவாசி மின்சார வண்டி வாங்கினால் விரைவு நிலையத்தின் 20 ரூபாய் யூனிட்டுக்கே கட்டுப்பட்டவராவார். மேலும் நேரு வீதியிலும் மகாத்மா காந்தி வீதியிலும் ஊர்ந்து ஊர்ந்து நின்று நின்று போகும் ஓட்டத்திலேதான் ஹைப்ரிட் தன் சாமர்த்தியத்தைக் காட்டும். நிற்கும்போது எஞ்ஜின் அணைந்துவிடும். ஒவ்வொரு பிரேக்கிலும் பாட்டரிக்குச் சிறிது வரவு. ஆகவே ஹைப்ரிட் வண்டிக்கு இயற்கையான வாசஸ்தலம் இப்பட்டணமே.

கிராமத்து மிராசுதாரின் வீடோ வேறு மாதிரியானது. மதில் சூழ்ந்த வாசலோ, களமோ, பழைய மாட்டுக் கொட்டகையோ ஒன்று இருக்கும். வண்டி இரவு முழுவதும் சொந்த இடத்தில் சொந்த மீட்டருக்குப் பக்கத்தில் நிற்கும். நாள் ஒன்றுக்கு 35 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 6 யூனிட் போதும். 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் மணிக்கு 3 யூனிட்டுக்குச் சிறிது மேற்பட ஏறுமாதலால் இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். கிராமத்தில் மின்சாரம் அடிக்கடி நிற்கிறதே என்பார்க்கு, ஓர் இரவில் எட்டு ஒன்பது மணி நேரத்துள் இரண்டு மணி நேரம் கிடைத்தாலும் காரியம் ஆகிவிடுகிறது என்பதே மறுமொழி. மின்சாரம் வந்த நேரத்தில் நீர் இறைத்துப் பழகிய குடியானவருக்கு இது புதிய பாடமன்று.

ஆயினும் சில ஏற்பாடுகள் அவசியம். சாயங்கால வேளையில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் இரவு பத்து அல்லது பதினொரு மணிக்குமேல் ஏற்றுவதே நல்லது. வண்டிக்குத் தனியாகக் கனத்த செம்புக் கம்பி இழுத்து, நல்ல எர்த்தும் போடவேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் பல வண்டிகளில் சார்ஜர் வேலை செய்யவே மறுக்கும். ஒரு கிலோவாட், இரண்டு கிலோவாட் அனுமதி பெற்ற பழைய இணைப்புகளில் அனுமதியை உயர்த்தும்படி மின்துறைக்கு மனுச் செய்துகொள்ள வேண்டும்.

கிராம அதிகாரிகள் முக்கியமாகக் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று. தமிழ்நாட்டில் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமாகையால், கிணற்றடிக் கொட்டகையிலேயே காரை நிறுத்தி மாட்டிவிட்டால் செலவே இல்லையென்று சிலர் யோசிப்பது இயல்பு. விவசாய இணைப்பு இறைப்பதற்காகக் கொடுக்கப்பட்டது. கொடுத்த காரியத்தை விட்டு வேறு காரியத்துக்கு மின்சாரத்தை உபயோகித்தால், 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி உரிய விகிதத்தைப்போல் இரண்டு மடங்கு வசூலிக்கப்படும். மாதம் 1,340 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் அபராதத்துக்கு ஆளாவது ஒருபுறமிருக்க, இறைப்பதற்கென்று சர்க்கார் கொடுக்கும் சலுகைக்கே அபவாதம் உண்டாகும்.

ஓட்டச் செலவோடு விலை வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்த்தாலொழிய கணக்கு முடியாது. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் சரக்கு சேவை வரி சிறிய பெட்ரோல் வண்டிக்கு 18 சதவிகிதம், பெரிய ஹைப்ரிட் வண்டிக்கு 40 சதவிகிதம், மின்சார வண்டிக்கு முன்போலவே 5 சதவிகிதம் என்று ஆயிற்று. அப்படியிருந்தும் பாட்டரியின் விலையால் மின்சார வண்டி தன்னையொத்த பெட்ரோல் வண்டியைவிட அதிக விலையாகவே இருக்கிறது. ஹைப்ரிட்டும் அவ்வாறே. இரண்டுக்கும் அதிக விலை 3 லக்ஷம் ரூபாய் என்று உதாரணமாக வைத்துக்கொள்வோம். அத்தொகைக்கு நூற்றுக்கு 9 வீதம் வருஷ வட்டி 27,000 ரூபாய். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டும் ஹைப்ரிட்காரர் சாதாரணப் பெட்ரோல் வண்டியைவிட வருஷத்தில் மிச்சம் பிடிப்பது சுமார் 24,400 ரூபாய். வட்டிக்கே காணாது, முதல் எங்கே திரும்பும்? மின்சார வண்டிக்காரர் வீட்டில் ஏற்றிக்கொண்டால் வருஷத்தில் 60,000 ரூபாய்க்குமேல் மிச்சம். வட்டி போக 33,000 அல்லது 34,000 ரூபாய் நிற்கும். அப்படியும் முதல் மீள எட்டு ஒன்பது வருஷம் ஆகும். பாட்டரிக்குக் கம்பெனிகள் பொதுவாகக் கொடுக்கும் பொறுப்பு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பதை இங்கே நினைவிலிருத்துவது நல்லது. மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கோ மூன்று வருஷத்துக்குச் சிறிது மேற்பட்ட காலத்தில் முதல் வந்துவிடும். மாதம் 500 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு இரண்டுமே வீண்செலவு. அவர் இருக்கிற பெட்ரோல் வண்டியை ஒழுங்காகப் பராமரித்துக்கொண்டு, மிஞ்சும் பணத்தைச் சொட்டு நீர்க் குழாயிலோ கிணற்றை ஆழப்படுத்துவதிலோ போடுவது எவ்வளவோ மேல்.

சில்லறைச் செலவுகளில் மின்சார வண்டிக்கு எஞ்ஜின் ஆயில், பில்டர், பிளக் முதலியன இல்லை. ஹைப்ரிட்டுக்குப் பெட்ரோல் வண்டிக்குள்ள எல்லாப் பராமரிப்பும் உண்டு. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டணத்தில் 2022 ஜூன் முதல் மின்சார வண்டிக்கு நூற்றுக்கு 15-ம், ஹைப்ரிட்டுக்கு ஏழரையும் தள்ளுபடி கொடுக்கப்பட்டது. ஆனால் கனம் அதிகமாகையால் மின்சார வண்டியின் டயர் சீக்கிரம் தேயும்.

சென்னைக்கு அடிக்கடி போகிறவர் விஷயம் வேறு. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகவரச் சுமார் 300 கிலோமீட்டர். 30 யூனிட் பாட்டரியுள்ள வண்டி மெய்யாகவே 200 கிலோமீட்டர்தான் ஓடுமென்று கொள்ளவேண்டுமாதலால் நடுவில் ஒருமுறை ஏற்றியே ஆகவேண்டும். மாதம் ஒன்றிரண்டு தடவையானால் பொறுத்துக்கொள்ளலாம். வாரந்தோறும் போகிறவருக்கும், காரைக்காலில் நிலம் வைத்துக்கொண்டு புதுச்சேரியில் வசிப்பவருக்கும் ஹைப்ரிட் வண்டியைக் குறை சொல்வதற்கில்லை.

புயல் விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தபோது மின்கம்பங்கள் ஏராளமாகச் சாய்ந்து, அநேகக் கிராமங்கள் பல நாள் இருளில் கிடந்தன. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழை கொட்டி, தெருக்களில் வண்டிகள் நீரில் நின்றன. இவ்விதமான நாட்களில் பெட்ரோல் தொட்டியுள்ள வண்டியே கைகொடுக்கும் என்பது மெய். ஆயினும் மின்சாரமில்லாவிட்டால் பெட்ரோல் பங்கின் பம்பும் ஓடாது; ஜெனரேட்டர் உள்ள பங்கில் வரிசை நீண்டிருக்கும். எச்சரிக்கை வெளியான அன்றே மின்சார வண்டியை முழுவதும் ஏற்றி வைத்துக்கொண்டால், நாள் ஒன்றுக்கு 35 கிலோமீட்டர் வீதம் ஐந்து நாளைக்குத் தாராளமாக வரும். அதன்பின் பிளக்கைக் கழற்றி, களத்து மேட்டிலோ பாட்டையின் உயர்ந்த பாகத்திலோ வண்டியை நிறுத்திவிட வேண்டும். ஏரிக்கரையின் உட்புறத்திலும், தென்னை மரத்தடியிலும் நிறுத்தலாகாது. வெள்ளத்தில் அடிப்பாகம் மூழ்கிய வண்டியை, ஹைப்ரிட்டானாலும் மின்சார வண்டியானாலும், தெரிந்த தொழிலாளி வந்து பரிசோதிக்கும் வரையில் சாவி போட்டுப் பார்க்கவோ பிளக்கில் மாட்டவோ கூடாது.